டிபன் கேரியரில் ஒரு ஜெர்மன் பெயர்

தியாகராய நகரில் ஒரு எவர்சில்வர் பாத்திரக் கடையில் பேர் வெட்டுவது என் வேலை. பாத்திரம் வாங்கியவர்கள் பில் போட்ட பிறகு என்னிடம் வருவார்கள். ஒரு துண்டுச் சீட்டில் பெயரை எழுதித் தருவார்கள். நான் அதைப் பார்த்துப் பாத்திரத்தில் மெஷினால் வெட்டிக் கொடுப்பேன். வளைகாப்புத் தட்டு, கிரகப்பிரவேசக் குடம், கல்யாணச் சீரில் அண்டா முதல் ஸ்பூன் வரை எல்லாம் என் கை வழியாகத்தான் வெளியே போகும்.

ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். தமிழ் நன்றாகப் படிப்பேன், எழுதுவேன். இங்கிலீஷ் எழுத்துகள் தெரியும், சேர்த்துப் படிக்க வராது. ஆனால் தெலுங்கு, இந்தி, உருது என்று எதை எழுதிக் கொடுத்தாலும் வெட்டிவிடுவேன். அதெல்லாம் எனக்குக் கோலம் போடுவது மாதிரிதான். கோடு எங்கே ஆரம்பித்து எங்கே வளைகிறது என்று பார்த்தால் போதும்.

இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்தது அந்த மெஷின் போடும் சத்தம். அது ஓடும்போது யாரும் என்னிடம் பேச மாட்டார்கள். எனக்கு ஆட்களிடம் பேச வராது. யார் என்ன கேட்டாலும் சிரித்துவிட்டுத் தலையைக் குனிந்துகொள்வேன். கடையில் அதற்கு மரியாதையான ஆள் என்று பெயர். வீட்டில் வேறு பெயர்.

வீடு மயிலாப்பூரில், குளத்துக்குச் சற்றுப் பின்னால். ஒரு சந்தில் வரிசையாக வீடுகள், எல்லோருக்கும் பொதுவாக ஒரு அடிபம்பு. நானும் என் மனைவியும் மகளும் இருக்கிறோம். மகள் பி.காம். முடித்தவள். அதோடு ஜெர்மன் மொழியும் படித்தாள். கல்லூரித் தோழி ஒருத்தி அதைப் படித்து நல்ல வேலைக்குப் போனதைப் பார்த்து வந்த ஆசை. சாயங்கால வகுப்பு, ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் கோட்டூர்புரம் லைப்ரரி என்று இரண்டு வருஷம் ஓடியது. பரீட்சைகள் எல்லாம் பாஸ். வேலைதான் வரவில்லை.

என் தங்கை வீட்டுக்காரர் ரங்கநாதன் தெருவில் ஒரு புடவைக் கடையில் சூப்பர்வைசர். அவர் எங்கள் மேல் பாசம் உள்ளவர். பாசம் வந்தால் கத்துவார்.

"இன்னா மச்சான், பொண்ண சொம்மா குந்த வச்சிகினு கீறே? எங்க கடையில பட்டு செக்சன்ல ஒரு எடம் கீது. ஒண்ணாந்தேதி வந்து சேரச் சொல்லு. முதலாளிகிட்ட சொல்லிட்டேன்" என்றார்.

மகளுக்கு இஷ்டமில்லை. புடவைக் கடை வேலையை அவள் மட்டமாக நினைக்கவில்லை. நாள் முழுக்க நின்றுவிட்டு வந்தால் காலோடு சேர்ந்து ஜெர்மனும் மரத்துப் போய்விடும் என்றாள். ஆனாலும் வீட்டு நிலைமை தெரிந்தவள் என்பதால் வேண்டாம் என்று சொல்லவில்லை.

அந்த மாதமே இன்னொரு வழியும் வந்தது. பெருங்குடியில் ஒரு கம்பெனி, ஜெர்மனியில் செய்கிற ஆபரேஷன் கருவிகளை வரவழைத்து இங்கே ஆஸ்பத்திரிகளுக்குக் கொடுக்கிறது. கருவிகளின் ஜெர்மன் பெயர்களையும் விவரங்களையும் இங்கிலீஷில் மாற்ற அவர்களுக்கு ஆள் தேவைப்பட்டது. முதலில் ஒரு சோதனை. கொஞ்சம் பெயர்களை அனுப்புவார்கள். மாதக் கடைசிக்குள் மாற்றி அனுப்ப வேண்டும். நன்றாக இருந்தால் வேலை. இல்லாவிட்டால் முதல் தேதி பட்டு செக்‌ஷன்.

பெயர்கள் வந்தன. ஒவ்வொன்றும் கூட்ஸ் வண்டி மாதிரி நீளம். படம் கிடையாது. பெயர், அளவு, எதற்கு என்று ஒரு வரி, அவ்வளவுதான். மகள் போனில் போட்டுப் பார்த்தாள். அது ஒரே கருவிக்கு மூன்று பெயர் சொன்னது. எது சரி என்று அது சொல்லவில்லை.

"இதுல நாடல்ஹால்டர்னு ஒண்ணு கீதும்மா" என்று அவள் ஒருநாள் சாப்பிடும்போது சொன்னாள். "நாடல்னா ஊசி. ஹால்டர்னா புடிக்கிறது. ஊசிய புடிக்கிறது."

"ஊசிபுடிக்கி" என்றாள் என் மனைவி, ரசம் ஊற்றிக்கொண்டே. "இதுக்கா நீ தலைல கை வச்சிகினு குந்தியிருக்கே? தோசதிருப்பி, தேங்காதுருவி மாதிரிதானே?"

மகள் சாப்பாட்டை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போய் எழுதிக்கொண்டாள். அதற்குப் பிறகு பெயர்கள் கொஞ்சம் வசப்பட்டன. கடைசிச் சொல்லைப் பார்த்தால் குடும்பம் தெரிந்துவிடும். ட்சாங்கே என்று முடிந்தால் இடுக்கிக் குடும்பம். லோஃபல் என்று முடிந்தால் கரண்டிக் குடும்பம். ஹாக்கன் என்றால் கொக்கி. க்ளெம்மே என்றால் கவ்விப் பிடிக்கிற கிளிப். அதில்தான் ஏகப்பட்ட உருப்படி இருந்தது.

"எல்லாம் கலந்து கலந்து போவுது நைனா. கையில தொட்டுப் பாத்தா மனசுல நிக்கும். இதெல்லாம் நான் எங்க போய்த் தொடறது?" என்றாள்.

மறுநாள் கடையிலிருந்து மெஷினை வீட்டுக்குக் கொண்டு வந்தேன். வெளி ஆர்டருக்காக அவ்வப்போது எடுத்து வருவதுதான், முதலாளி ஒன்றும் சொல்ல மாட்டார். மகளிடம் பெயர்களைப் பெரிதாக எழுதித் தரச் சொன்னேன். அடுப்படி இடுக்கியில் ட்சாங்கே வெட்டினேன். காய்கறிக் கத்தரிக்கோலில் ஷேரே. தேங்காய் கீறி எடுக்கிற ஓரம் கூரான ஸ்பூனில் 'கூர் கரண்டி' என்று அர்த்தம் வருகிற ஜெர்மன் பெயர், அதன் கீழேயே மகள் செய்திருந்த இங்கிலீஷ், 'ஷார்ப் ஸ்பூன்'. அந்த லோஃபலில் ஓ எழுத்துக்குத் தலையில் இரண்டு புள்ளி உண்டு. நான் அந்த இரண்டையும் நன்றாக அழுத்தி வைத்தேன்.

க்ளெம்மேக்குத்தான் என்ன செய்வது என்று தெரியவில்லை. பிறகு மகளின் புது டிபன் கேரியர் கண்ணில் பட்டது. மூன்றடுக்கு. இரண்டு பக்கமும் கிளிப் கவ்விப் பிடிக்கும். கிளிப்பில் எழுத இடமில்லை என்பதால் மேல் டப்பாவின் வயிற்றில் வெட்டினேன். கேரியர் அவளுடையது, வெளியே எடுத்துப் போகிற பொருள், ஆகவே முதலில் அவள் பெயரை வெட்டினேன். அதன் கீழே க்ளெம்மே.

இங்கேதான் என் கை தானாக ஒரு காரியம் செய்தது. கல்யாணப் பாத்திரத்தில் பெண் பெயர் மேலே வரும், மாப்பிள்ளை பெயர் கீழே வரும், நடுவில் ஒரு சின்னக் கொடி ஓடும், கொடியின் இரண்டு முனையிலும் ஒவ்வொரு பூ இருக்கும். எத்தனையோ வருஷமாக வெட்டிய கை. இரண்டு பெயரைப் பார்த்ததும் நடுவில் கொடியை ஓட்டிவிட்டது. பூவும் வைத்துவிட்டது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. மகளும் "சூப்பர் நைனா" என்றாள். யாருக்கும் ஒன்றும் தோன்றவில்லை.

தோன்றியது பக்கத்து வீட்டுப் பூக்காரம்மாவுக்கு. அந்தம்மா கோயில் வாசலில் பூக்கடை வைத்திருப்பவள். சந்தில் நடப்பது முழத்துக்கு முழம் அவளுக்குத் தெரியும். மறுநாள் காலை அடிபம்பில் என் மனைவி கேரியரைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறாள். பூக்காரம்மா அதைக் கையில் எடுத்து, இங்கிலீஷ் எழுத்தைக் கூட்டிப் படித்திருக்கிறாள். நான் வேலைக்குக் கிளம்பி வெளியே வந்தபோது பிடித்துக்கொண்டாள்.

"இன்னாண்ணா, சொல்லவே இல்ல? சீர் பாத்திரம்லாம் பேர் வெட்டி ரெடியாகீது!"

நான் சிரித்தேன்.

"மாப்ள வெளிநாடா? பேரே ஒரு தினுசா கீதே. கிளெம்மியா?"

நான் சிரித்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

"ஐய, பொண்ணக் குடுக்கற வெக்கத்தப் பாரு! நல்லாருக்கட்டும்ணா" என்று பின்னாலிருந்து வாழ்த்து வந்தது.

அன்று சாயங்காலத்துக்குள் சந்து முழுக்கத் தெரிந்துவிட்டது. மாப்பிள்ளை ஜெர்மனி என்பதுவரை சரியாகக் கண்டுபிடித்திருந்தார்கள், மகள் படித்தது எல்லோருக்கும் தெரியும் அல்லவா. அதற்கடுத்த நாள் அடையாறிலிருந்து என் தங்கையும் அவள் வீட்டுக்காரரும் வந்து இறங்கினார்கள். தங்கை வாசற்படியிலேயே அழ ஆரம்பித்தாள்.

"ஒரே அத்த நானு. எனக்கு சொல்லாம வெள்ளக்காரனுக்குப் பேசி முடிச்சிட்டியே ண்ணா!"

"யார் சொன்னது? எந்த வெள்ளக்காரன்?" என்று என் மனைவி பதறினாள். நடந்ததைச் சொன்னாள். க்ளெம்மே என்பது ஆள் இல்லை, ஆபரேஷனில் ரத்தக் குழாயைப் பிடிக்கிற கிளிப் என்றாள்.

தங்கை வீட்டுக்காரர் கேரியரைத் தூக்கிப் பார்த்தார். "கிளிப்புக்கு எந்த ஊர்ல கொடி போட்டு, பூ போட்டு வெட்டுவாங்க? நான் என்ன கொயந்தையா? நீயே சொல்லு மச்சான். உன் வாயால சொல்லு. மாப்ளையா, கிளிப்பா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வாசலில் பூக்காரம்மாவும் இன்னும் நான்கு பேரும் நின்று பார்த்தார்கள். தொண்டை வரைக்கும் வார்த்தை வந்தது. நான் சிரித்துவிட்டேன்.

"பாத்தியா, சிரிக்கிறான்!" என்று அவர் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். போன கோபத்தில் முதலாளியிடம், பெண்ணுக்கு வெளிநாட்டுச் சம்பந்தம் முடிந்துவிட்டது, வேலைக்கு வர மாட்டாள் என்று சொல்லியும்விட்டார். அந்த இடத்தில் வேறு பெண்ணைப் போட்டுவிட்டார்கள்.

அந்தச் செய்தி வந்த அன்று நான் சாப்பிடவில்லை. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். மகள் தட்டை எடுத்து வந்து என் முன்னால் வைத்தாள்.

"துன்னு நைனா. ரெண்டு வழி இருந்துச்சு, இப்ப ஒண்ணுதான் கீது. இத்த ஒயுங்கா முடிச்சுட்டா போவுது" என்றாள். ஆனால் குரலில் பயம் இருந்தது. அனுப்ப வேண்டிய நாளுக்கு நான்கைந்து நாள்தான் பாக்கி.

மறுநாள் சாயங்காலம் பூக்காரம்மா ஒரு பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்தாள். நர்ஸ். நாகர்கோவில் பக்கத்துப் பெண், இங்கே ஒரு ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் தியேட்டரில் வேலை, எங்கள் தெரு முனை லேடீஸ் ஹாஸ்டலில் தங்கியிருக்கிறாள். தினமும் பூ வாங்குகிற பழக்கம்.

"சிஸ்டரும் ஜெர்மனி போவப் போறாங்கண்ணா. பாஷ படிச்சிகினு கீறாங்க. உங்க மாப்ளைகிட்ட அந்த ஊரு எப்டின்னு ரெண்டு வார்த்த கேட்டுச் சொன்னா புண்ணியமாப் போவும்" என்றாள் பூக்காரம்மா.

அந்தப் பெண் கூச்சத்தோடு நின்றாள். என்னை மாதிரியே தலையைக் குனிந்திருந்தாள். அதைப் பார்த்ததும் எனக்கு என்னவோ போலாகிவிட்டது. இவளையும் ஏமாற்றி அனுப்பக் கூடாது.

"மாப்பிள்ளை இல்லம்மா" என்றேன். "அது கிளிப்பு."

என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

நர்ஸுக்குப் புரியவில்லை. மகள் கேரியரைக் காட்டினாள். நர்ஸ் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "க்ளெம்மே... க்ளாம்ப்பா? நாங்க தினமும் கையில வச்சிருக்கிற க்ளாம்ப்பா?" என்று கேட்டுவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தாள். அவள் சிரிப்பைப் பார்த்து மகளும் சிரித்தாள். பூக்காரம்மா மட்டும் சிரிக்கவில்லை. "அப்ப அந்தப் பூ?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

நர்ஸ் அப்படியே அடுப்படிக்குள் வந்து மற்றவற்றையும் பார்த்தாள். கூர் கரண்டியைக் கையில் எடுத்தாள்.

"ஷார்ப் ஸ்பூனா? இது எதுக்காம்?"

"எலும்புல ஒட்டிகினு கீறத சொரண்டி எடுக்கிறதுக்குன்னு போட்டிருக்கு" என்றாள் மகள்.

"அய்யோ, அது க்யூரெட். தியேட்டர்ல நின்னு ஷார்ப் ஸ்பூன் குடுங்கன்னு கேட்டா, கேன்டீனுக்குப் போங்கன்னு சொல்லிடுவாங்க."

மகள் முகம் மாறிவிட்டது. தான் மாற்றி வைத்திருந்த எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் திறந்து காட்டினாள். புண்கொக்கி என்று அர்த்தம் வருகிற மாதிரி இங்கிலீஷில் ஒன்றை வைத்திருந்தாள். நர்ஸ் விவரத்தைப் படித்துவிட்டு, "இது ரிட்ராக்டர்" என்றாள். தானிய இடுக்கி என்று ஒன்று. "தானியமா? பஞ்சு, துணி எல்லாம் பிடிக்கிறதா? நாங்க ஸ்பாஞ்ச் ஹோல்டர்னு சொல்வோம்." சொல்லுக்குச் சொல் சரியாக மாற்றியவைதான் அதிகம் தப்பாகியிருந்தன. ஊசிபிடிக்கி மட்டும் இங்கிலீஷிலும் 'நீடில் ஹோல்டர்' என்று ஊசிபிடிக்கியாகவே தப்பித்தது. என் மனைவிக்கு அதில் பெருமை.

அன்றிலிருந்து டியூட்டி முடிந்ததும் நர்ஸ் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவாள். மகள் ஜெர்மனைப் படித்துச் சொல்வாள், நர்ஸ் கருவியைச் சொல்வாள். பதிலுக்கு மகள் அவளுடைய ஜெர்மன் பாடத்தைத் திருத்துவாள். இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு தட்டு முறுக்கு இருக்கும். சில கருவிகளுக்கு நர்ஸுக்கும் வாயால் விளக்க முடியவில்லை.

"ரிட்ராக்டர்ல இத்தன வகை எதுக்கு சிஸ்டர்?" என்று மகள் கேட்டபோது நர்ஸ் சுற்றிலும் பார்த்துவிட்டு, "ஆன்ட்டி, ஒரு பூசணிக்காய் இருக்கா?" என்றாள்.

சாம்பாருக்கு வாங்கிய அரைப் பூசணிக்காய் இருந்தது. அதன் தோலை நீளமாகக் கீறினாள். இரண்டு சின்னக் கரண்டிகளின் காம்புக் கொக்கியைக் கீறலின் இரண்டு பக்கமும் மாட்டி, என்னைக் கூப்பிட்டாள். "அங்கிள், இப்படி ரெண்டு பக்கமும் இழுத்துப் பிடிங்க. விடக்கூடாது. உள்ள வேலை நடக்கணும்னா யாராவது இப்படித் திறந்து பிடிச்சுக்கிட்டே நிக்கணும். ஆழமா வேணும்னா ஒரு வகை, மேலோட்டமா வேணும்னா ஒரு வகை."

நான் பிடித்துக்கொண்டேன். அது பூசணிக்காய்தான் என்று தெரியும். இருந்தாலும் எனக்கு ரத்தம் ஆகாது. கண்ணைக் கொஞ்சம் மூடிக்கொண்டேன்.

"தியேட்டர்ல இத யாரு புடிப்பாங்க?" என்றாள் என் மனைவி.

"ஜூனியர் டாக்டர் ஆன்ட்டி. மணிக்கணக்கா நிப்பாங்க. வாயத் திறந்து ஒரு வார்த்தை பேசக் கூடாது."

"அப்ப எங்க நைனாவுக்குன்னே செஞ்ச வேல" என்றாள் மகள். மூன்று பேரும் சிரித்த சிரிப்பில் பூசணிக்காய் என் கையிலிருந்து நழுவி உருண்டு போனது. மறுநாள் சாம்பாரில் காய் எல்லாம் ஒரு மாதிரி வெட்டுப்பட்டிருந்தது. க்ளாம்ப் போட்ட இடம் இது, ரிட்ராக்டர் போட்ட இடம் இது என்று சொல்லிச் சாப்பிட்டோம்.

கெடு முடிய ஒரு நாள் இருக்கும்போதே மகள் அனுப்பிவிட்டாள். அதன் பிறகு காத்திருந்த நாட்களைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. போன் மணி அடித்தால் எல்லோரும் நிமிர்வோம். பெரும்பாலும் லோன் வேண்டுமா என்று கேட்கிறவர்களாக இருக்கும். முதல் தேதியும் வந்து போனது. தங்கை வீட்டுக்காரர் கோபம் தணிந்து ஒரு தரம் வந்தார். கேரியரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "கிளிப்புதானா மச்சான், மெய்யாலுமே?" என்றார். நான் "ஆமாம்" என்றேன். அவர் தலையில் அடித்துக்கொண்டு, "இத்த அன்னிக்கே சொல்றதுக்கு உன் வாயில என்ன க்ளெம்மே போட்டிருந்துச்சா?" என்றார். அவரும் அந்தச் சொல்லைக் கற்றுக்கொண்டிருந்தார்.

பிறகு பெருங்குடிக்கு நேரில் வரச் சொல்லி அழைப்பு வந்தது. மகள் காலையில் போனவள் மத்தியானம் தாண்டியும் வரவில்லை. நான் கடையில் ஒரு குடத்தில் போட வேண்டிய பூவைத் தவறிப்போய் இரண்டு தரம் போட்டேன். நான் வீட்டுக்குத் திரும்பியபோது அவள் வாசற்படியில் உட்கார்ந்து நர்ஸுக்குப் போனில் சொல்லிக்கொண்டிருந்தாள். வேலை கிடைத்துவிட்டது. அவள் அனுப்பியதில் சில இடங்களில் மட்டும் சிவப்பு போட்டிருந்தார்களாம். தானிய இடுக்கிக்கு அவர்கள் கம்பெனியில் 'டிரஸ்ஸிங் ஃபோர்செப்ஸ்' என்று சொல்வதுதான் வழக்கமாம். "உங்க ஆஸ்பத்திரி பேரு வேற, இவங்க பேரு வேற சிஸ்டர், அத்தோட விட்டாங்க" என்றாள்.

போனை வைத்ததும் என்னைப் பார்த்துச் சிரித்தாள். "நைனா, நீ பேர் வெட்டின லோஃபல் கரண்டிய கேரியரோட எடுத்துகினு போயிருந்தேன். சாப்பிடும்போது அத்த எடுத்தேனா, அங்க கீற மேடம் பாத்துட்டாங்க. ஜெர்மனிலருந்து ஒரு அம்மா கம்ப்யூட்டர்ல பேசிக்கினு இருந்தாங்க, அவங்களுக்கும் தூக்கிக் காட்டுனாங்க. யாரு எழுதினதுன்னு கேட்டாங்க. எங்க அப்பான்னேன்."

"என்ன சொன்னாங்க?"

"எழுத்து அழகா கீதாம். புள்ளி மட்டும் கொஞ்சம் பெருசாம். திருஷ்டிப் பொட்டு மாதிரி வச்சிருக்கே நீ."

அவள் வேலைக்குச் சேர்ந்த நாள் காலை, அடிபம்பில் நல்ல கூட்டம். நான் தி. நகர் பஸ்ஸுக்கும் அவள் பெருங்குடி பஸ்ஸுக்கும் சேர்ந்து கிளம்பினோம். அவள் கையில் அந்தக் கேரியர். பெயர், கொடி, பூ எல்லாம் வெயிலில் பளபளத்தது. வேறு கேரியர் வாங்கித் தருகிறேன் என்று சொல்லியிருந்தேன். வேண்டாம் என்றுவிட்டாள்.

பூக்காரம்மா குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வழி மறித்தாள். "இன்னா கண்ணு, காலங்காத்தால அலங்காரம்? கிளெம்மி தம்பி வந்துகீறாரா?"

மகள் பதில் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் எனக்கு வார்த்தை வந்துவிட்டது.

"தம்பியும் இல்ல, மாப்பிள்ளையும் இல்லம்மா. என் பொண்ணு வேலைக்குப் போவுது. பெருங்குடில. ஆபரேஷன் சாமான் பேரையெல்லாம் ஜெர்மன்லருந்து இங்கிலீசுக்கு மாத்துற வேல. படிச்ச படிப்புக்குக் கெடச்ச வேல."

பம்பு அடித்துக்கொண்டிருந்த பெண் நிறுத்திவிட்டாள். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அத்தனை பேர் முன்னால் நான் அவ்வளவு நீளமாகப் பேசியதே இல்லை. மகளும் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தாள்.

பூக்காரம்மா குடத்தைக் கீழே இறக்கி வைத்தாள். பக்கத்தில் வைத்திருந்த பூக்கூடையிலிருந்து ஒரு முழம் மல்லியை எடுத்து மகளின் தலையில் வைத்துவிட்டாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"அப்ப மெய்யாலுமே மாப்ள பாக்கல? மொதல்லியே வாயத் தொறந்து சொல்றதுக்கு இன்னாண்ணா? எங்க அக்கா மவன் ஒருத்தன் கீறான். மெட்ரோ ரயில்ல வேல. தங்கமான புள்ள. நாளைக்கு இட்டாரட்டா?"

நான் சிரித்துவிட்டேன். சிரித்தது எவ்வளவு பெரிய தப்பு என்று உடனே உறைத்தது. "இல்ல, இல்ல, இல்ல" என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே மகளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்தேன்.